பெயர் கேட்காத சாப்பாடு

கடந்த இரண்டு வாரங்களாக ஒரு விண்ணப்பத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகப் படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். வருகிற கோடையிலும் எங்கள் தெருவைப் 'பிளே ஸ்ட்ரீட்' (விளையாட்டுத் தெரு) ஆக அறிவிக்க வேண்டும் என்று பிலடெல்பியா மாநகராட்சியின் பூங்கா, பொழுதுபோக்குத் துறைக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் அது. அப்படிப் போன இடத்தில் ஒரு வீட்டில் கேட்ட சொல் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்தும் வேறு நகரங்களிலிருந்தும் படிக்கும் நண்பர்களுக்காக, இது என்ன ஏற்பாடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி நடக்கும் நாள்களில் இந்நகரத்து அரசுப் பள்ளி மாணவர் அனைவருக்கும் காலை உணவும் மதிய உணவும் விலையின்றிக் கிடைக்கின்றன. பெற்றோரின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. ஜூன் மாத நடுவில் பள்ளி மூடியதும் அந்த இரண்டு வேளைச் சாப்பாடும் நின்றுவிடுகிறது; மீண்டும் பள்ளி திறக்க ஏறத்தாழப் பத்து வாரங்கள் ஆகும். ஐந்து பேரில் ஒருவர் என்ற அளவில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழும் நகரம் இது. பத்து வாரம் என்பது இங்குள்ள பல வீடுகளுக்கு மிக நீண்ட காலம். அந்த இடைவெளியை அடைக்க மாநகராட்சி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் எளிய வழியைக் கையாண்டு வருகிறது. தெருவில் பெரும்பாலான வீட்டார் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், கோடை விடுமுறையில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை அந்தத் தெருவில் வண்டிகள் நுழையாதபடி தடுப்பு வைக்கப்படுகிறது. பிள்ளைகள் நடுத்தெருவில் விளையாடுகிறார்கள். மதிய உணவும் சிற்றுண்டியும் தெருவுக்கே வந்து சேர்கின்றன. அவற்றை வாங்கி வைத்துப் பரிமாறுபவர் அதே தெருவில் குடியிருக்கும் ஒருவர். இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட தெருக்கள் ஒவ்வொரு கோடையிலும் இயங்குகின்றன. 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள எந்தப் பிள்ளையும் வந்து சாப்பிடலாம். பெயர், முகவரி, விசா, வருமானம் என்று எதுவும் கேட்கப்படுவதில்லை.

எங்கள் தெருவில் பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவர், பணி ஓய்வு பெற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி. பிள்ளைகள் அனைவரும் அவரை 'மிஸ்' என்றுதான் அழைப்பார்கள். இங்கே வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொன்றின் முன்னும் மூன்று நான்கு படிகள் தெருவை நோக்கி இறங்கும். நம் ஊரில் திண்ணை செய்த வேலையை இங்கே அந்தப் படிகள் செய்கின்றன. குளிர்ப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிஸ் தன் வீட்டுப் படியில் அமர்ந்திருப்பார். பெரும்பாலும் ஆறிய உணவுதான்: ஒரு சாண்ட்விச், ஒரு பழம், கொஞ்சம் காய், ஒரு சிறு பெட்டிப் பால். ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்த கையோடு தாளில் ஒரு கோடு போடுவார். பிள்ளை வேண்டாமென்று வைத்த பிரிக்காத பாலையும் பழத்தையும் தனியாக ஓர் இடத்தில் வைப்பார். இன்னும் பசிக்கும் பிள்ளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தப் பிள்ளை இரண்டாவது முறை அந்த இடத்துக்கு வருகிறது என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் தெருவின் கோடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. நான் மதித்துப் பழகும் குடும்பம். தாளை நீட்டியபோது அந்த அக்கா தயங்கினார். "இல்லாதவங்களுக்குக் குடுக்கிறதுங்க அது. நம்ம பிள்ளைங்க போய் நின்னா நல்லாவா இருக்கும்? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். அதில் அகந்தை ஏதும் இல்லை. ஏழைக்கு என்று வைத்ததில் நாம் கை நீட்டக் கூடாது என்ற நேர்மையும், கை நீட்டியதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாதே என்ற அச்சமும் கலந்து வந்த சொல் அது. இதே சொல்லை நம்மவர் பலர் வீடுகளில் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன்.

அந்த நேர்மையை நான் மதிக்கிறேன், ஆனால் அது தவறான கணக்கின் மேல் நிற்கிறது. நம் பிள்ளை ஒரு சாப்பாட்டை எடுத்தால் இன்னொரு பிள்ளைக்குக் குறைந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். நடைமுறை இதற்கு நேர்மாறானது. இந்தத் திட்டத்துக்கான பணம் அமெரிக்க ஒன்றிய அரசின் வேளாண் துறையிலிருந்து, பரிமாறப்பட்ட சாப்பாடுகளின் எண்ணிக்கைப்படி வருகிறது. மிஸ் தாளில் போடும் அந்தக் கோடுகள்தான் கணக்கு. கோடுகள் கூடினால் அந்த இடம் நிலைக்கும். குறைந்துகொண்டே போனால், ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் அங்கே அனுப்புவது கட்டுப்படியாகாது என்ற நிலை வரும். அப்படி மூடினால் இழப்பு யாருக்கு? அந்தச் சாப்பாட்டை உண்மையில் நம்பியிருந்த நான்கு பிள்ளைகளுக்கு. நாம் ஒதுங்கி நிற்பதால் அவர்களுக்கு ஒரு பிடியும் கூடுவதில்லை.

இதைவிட ஆழமான இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் தமிழ்நாட்டிலேயே கற்றேன். 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். 1920-லேயே நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கிய வரலாற்றையெல்லாம் பின்னர்தான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகப் பையில் கிடந்து சத்தம் போடும் ஓர் அலுமினியத் தட்டுதான். எங்கள் வகுப்பில் டிபன் பாக்ஸ் கொண்டுவருபவர்கள், தட்டு கொண்டுவருபவர்கள் என்று இரண்டு பிரிவு இருந்தது. டிபன் பாக்ஸ்காரர்கள் வேப்பமரத்து நிழலில் உட்காருவார்கள். நாங்கள் சமையல் கூடத்து முன் வரிசையில் நிற்போம். யாரும் எங்களை வைததில்லை. இருந்தாலும் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, பசியோடிருந்தாலும் பரவாயில்லை, தட்டோடு போய் நிற்க மாட்டேன் என்று சில நாள் அடம்பிடித்தேன். தட்டுக்காரர்கள் மட்டுமே நின்ற வரிசை என்பதால்தான் அது கூசியது. டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் அந்த வரிசைக்கு வந்திருந்தால், அது வெறும் சாப்பாட்டு வரிசையாக இருந்திருக்கும். மிஸ்ஸின் படியில் வந்து அமரும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் குறைவதைப் பார்க்கும்போது, அவர்கள் எதற்குக் கூசுகிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது.

விடுமுறையில் அந்தச் சமையல் கூடத்தின் பூட்டையும் நான் பார்த்திருக்கிறேன். மே மாதம் முழுவதும் அம்மா வேலைக்குப் போன பிறகு பழைய சோறும், அது தீர்ந்தால் அக்கம்பக்கமும்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. விடுமுறையில் பசி விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை என்பதை நீதிமன்றம் வழியே சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்கா இந்தக் கோடை உணவை 1968-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1975-இல் தனித் திட்டமாக்கியது. ஒரு பகுதியில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள், குடும்ப வருமானம் குறைவு என்பதால் பள்ளியில் சலுகை உணவுக்கு உரியவர்களாக இருந்தாலே அங்கே எல்லாருக்கும் பொதுவான உணவு மையம் திறக்கலாம் என்று முதலில் இருந்தது; 1981-இல் செலவைக் குறைக்கும்போது அதைப் பாதியாக உயர்த்தினார்கள். அந்த அளவுகோல் இன்றுவரை நீடிக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் விழுகிற தெருக்களில் பசி இல்லையா என்ன? இன்னொரு விதி, உணவை அங்கேயே உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பது. பெருந்தொற்றுக் காலத்தில் அது தளர்த்தப்பட்டது; பெற்றோர் வந்து வாங்கிச் செல்லவும் அனுமதி கிடைத்தது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அந்த வசதியை ஊர்ப்புறங்களுக்கு மட்டும் நிலையாக்கியது. கூடவே, தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடைக்கு 120 டாலர் மளிகை அட்டையில் தரும் திட்டத்தையும் கொண்டுவந்தது. பென்சில்வேனியா 2024 முதல் அதில் சேர்ந்திருக்கிறது. பள்ளி நாள்களில் சலுகை உணவு உண்ணும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவரைத்தான் கோடை உணவு சென்றடைகிறது என்பதை நினைக்கும்போது, நகரத்துப் பிள்ளைக்கும் எடுத்துச் செல்லும் உரிமை வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. இரண்டு வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு எட்டு வயது அக்கா ஐந்து தெரு தாண்டி வர முடியாது. மையம் அவள் வீட்டுத் தெருவிலேயே இருப்பது ஒன்றே இப்போதைக்கு இதற்கு விடை. பிளே ஸ்ட்ரீட்டை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுவது அதனால்தான்.

'நம்முடையது அல்ல' என்ற எண்ணத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர் சம்பளத்திலிருந்தும் ஒன்றிய அரசின் வரி பிடிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில்தான் இந்தச் சாண்ட்விச் வருகிறது. நகரத்தின் கணக்கு இன்னும் நேரடியானது. 2017 ஜனவரி முதல் பிலடெல்பியாவில் இனிப்பூட்டிய பானங்களுக்கு ஓர் அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட் வரி. இரண்டு லிட்டர் புட்டிக்கு ஏறத்தாழ ஒரு டாலர். பிறந்தநாள் விருந்துக்கு நாம் வாங்கும் ஒவ்வொரு கோலா புட்டியும் மழலையர் பள்ளி இடங்களுக்கும், நூலகங்கள், பூங்காக்கள், விளையாட்டு மையங்களைப் புதுப்பிப்பதற்கும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பானக் கடைக்காரர்களும் நிறுவனங்களும் எதிர்த்து வழக்காடி, 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகே அது நிலைபெற்றது. கொடுக்கும்போது வேறுபாடு பார்க்காத நாம், பெறும்போது மட்டும் நம்மை விலக்கிக்கொள்வது முறையாகாது.

ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம்மவர் வீடுகளில் எல்லாருக்கும் எப்போதும் வசதி இருக்கிறது என்ற பேச்சும் உண்மையல்ல. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த வேலை தேடிக்கொள்ள 60 நாள்தான் அவகாசம். எச்-4 விசாவில் இருக்கும் வாழ்க்கைத் துணைகளில் பலர் வேலைக்குப் போக முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நிறுவனம் ஜூலை மாதத்தில் எங்கள் குழுவையே அனுப்பிவிட்டது. அந்த ஆறு வாரங்களில் வாடகை, பயணச்சீட்டு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று ஒவ்வொரு டாலராக எண்ணிக்கொண்டிருந்தபோது, என் பிள்ளைகள் இருவரும் மிஸ்ஸின் படியில் தினமும் மதியம் சாப்பிட்டார்கள். என் மனைவி முதல் நாள் சன்னலோரம் நின்று அழுதாள். மூன்றாம் நாள் அவளும் படியில் போய் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று மிஸ் கேட்கவே இல்லை. இதைத் தமிழ் நண்பர்களிடம் இதுவரை நான் சொன்னதில்லை. அந்த அக்காவின் கேள்விக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோடையில் ஊரிலிருந்து வரும் நம் பெற்றோருக்கும் இதில் இடமுண்டு. 1993 ஜூலையில் வீசிய வெப்ப அலையில் இந்நகரத்தில் 118 பேர் இறந்தார்கள். தனியே வாழ்ந்த முதியோர் காற்றோட்டமில்லாத வரிசை வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். 1995-இல் வெப்ப எச்சரிக்கை முறையை நகரம் ஏற்படுத்தியபோது, அதில் முக்கியமான பங்கு தெருப் பொறுப்பாளர்களுக்கு வந்தது: முதியவர் இருக்கும் கதவை ஒரு முறை தட்டிப் பார்க்கும் அண்டை வீட்டார். பகல் முழுவதும் சன்னல் திரைக்குப் பின்னால் தொலைக்காட்சியோடு இருக்கும் நம் அப்பாக்களும் அம்மாக்களும் ஒரு மணி நேரம் படியில் வந்து உட்கார்ந்தால், தெருவுக்கு அவர்களைத் தெரியும். அவர்களுக்கு அங்கே சாப்பாடு கிடையாது. திட்டம் பெரியவர்களுக்குச் செலவழிக்காது. ஆனால் பேரப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வர ஆள் வேண்டுமே. வெயில் மிகும் நாளில் பக்கத்து நூலகக் கிளையில் குளிர்ச்சியாக அமரலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. நகரத்தின் பொது நீச்சல் குளங்களுக்கும் கட்டணம் இல்லை. இவற்றில் எதைக் குறித்தும் தெரிந்துகொள்ள 2-1-1 என்ற எண்ணை அழைத்தால் போதும்.

மிஸ்ஸுக்கு இவ்வாண்டு முழங்கால் வலி மிகுந்துவிட்டது. குளிர்ப்பெட்டியைத் தூக்க முடியவில்லை, நீங்கள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாலும், இந்தக் கோடையில் மாமனாரும் மாமியாரும் எங்களோடு இருப்பதாலும் நானும் என் மனைவியும் ஏற்றுக்கொண்டோம். பொறுப்பாளர் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். படி மட்டும் அவருடைய படியாகவே இருக்கும்; கோடு போடும் தாளும் அவர் கையிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கையெழுத்துகளில் இன்னும் மூன்று குறைகின்றன. நாளை மாலை, தெருக்கோடியில் இருக்கும் அந்த அக்கா வீட்டுக்கு மறுபடியும் போகிறேன். இந்த முறை என் மனைவியும் வருகிறாள்.