அண்ணாச்சி வாங்கிய வாய்தா

(திருநெல்வேலி டவுன். கூலக்கடை பஜார் பக்கம் செல்வத்தின் பிரவுசிங் சென்டர். பலசரக்குக் கடை அண்ணாச்சி மூச்சிரைக்க உள்ளே வருகிறார்.)

அண்ணாச்சி: செல்வம், என் ஜிமெயில் பாஸ்வேர்டை உடனே கண்டுபிடிச்சுக் குடுடே. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்.

செல்வம்: யாருக்கு?

அண்ணாச்சி: கூகுளுக்கு. மெயில் பெட்டி நெறஞ்சு போச்சாம். 24 மணி நேரத்துல பாஸ்வேர்டை அனுப்பலைன்னா கணக்கை மூடிருவாவளாம்.

செல்வம்: கூகுள் எந்தக் காலத்துல மெயில் போட்டு பாஸ்வேர்டு கேட்டுச்சு? சொல்லிட்டியளா?

அண்ணாச்சி: மறந்துல்லா போச்சு! ‘ஐயா, ரெண்டு நாள் அவகாசம் வேணும்’னு பதில் போட்டிருக்கேன்.

செல்வம்: திருடன்கிட்டயே வாய்தா வாங்குன ஆளு நீங்க ஒருத்தர்தான்.

அண்ணாச்சி: திருடனா? தங்கமான மனுசன்டே. ‘பரவாயில்லை, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னா போதும்’னு எழுதியிருக்காரு.

செல்வம்: அந்த ஓடிபியை வச்சு அவனே புது பாஸ்வேர்டு போட்டுக்கிடுவான். அப்புறம் அவன் உள்ள, நீங்க வெளிய. சொன்னியளா?

அண்ணாச்சி: நான் வர்ற வழியில நம்பர் வந்துச்சு. படிக்க முடியல, என் மூக்குக் கண்ணாடி கடையில இருக்கு.

செல்வம்: அந்தக் கண்ணாடிக்கு ஒரு மாலை போடணும். 500 ரூபா நோட்டை வெளிச்சத்துல புடிச்சு காந்தியைத் தேடுவியளே, இந்த மெயிலை அனுப்புனது யாருன்னு பாத்தியளா?

அண்ணாச்சி: கூகுள்னுதான் போட்டிருக்கு.

செல்வம்: பேரு யாரும் வச்சுக்கிடலாம். அதைத் தொட்டா முகவரி தெரியும். ‘டாட் காம்’முக்கு ஒட்டுனாப்புல முன்னால இருக்குறவன்தான் ஆளு. இங்க பாருங்க, கூகுள், புள்ளி, எவனோ ஒருத்தன், டாட் காம். சில பேரு முகவரியையே போலியா போடுவான். அதனால மெயில்ல வர்ற லிங்க்கைத் தொடவே கூடாது. சந்தேகம்னா நீங்களே ஜிமெயிலுக்குள்ள போய் செட்டிங்ஸ்ல பாக்கணும்.

அண்ணாச்சி: படிச்சவன் எவனாவது இதுல மாட்டியிருக்கானா? சும்மா என்னைச் சொல்லுத.

செல்வம்: 2016ல அமெரிக்க அதிபர் தேர்தல்ல நின்ன ஹிலாரி கிளின்டனோட பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டா மாட்டுனாரு. கூகுள் பேர்ல, பாஸ்வேர்டை மாத்துங்கன்னு ஒரு மெயில். கூட இருந்தவங்க கம்ப்யூட்டர் ஆள்கிட்ட கேட்டும் பாத்தாவ. அவரு ‘போலி’ன்னு எழுத நெனச்சு ‘நெசம்’னு எழுதிட்டாராம். ஆயிரக்கணக்கான மெயில் சந்திக்கு வந்துச்சு.

அண்ணாச்சி: சம்பளம் குடுத்து வச்ச ஆளே அப்படின்னா, மணிக்கு முப்பது ரூவா வாங்குத உன்னை எப்படிடே நம்ப?

செல்வம்: நம்பாதீங்க. பாஸ்வேர்டை மாத்தி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுருவோம். பாஸ்வேர்டு தெரிஞ்சவனும் போன்ல வர்ற நம்பர் இல்லாம உள்ள வர முடியாது. அதை யாரு கேட்டாலும் சொல்லப்படாது.

(அண்ணாச்சியின் போன் ‘டிங்’ என்கிறது.)

செல்வம்: வந்துட்டு. சொல்லுங்க, அடிக்கேன்.

அண்ணாச்சி: சொல்ல மாட்டேன்.

செல்வம்: நான்தானே அண்ணாச்சி!

அண்ணாச்சி: அவனும் இப்படித்தான் எழுதியிருந்தான். தள்ளு, நானே அடிக்கேன். நீ அந்தச் சுவத்தைப் பாத்து நில்லு.

செல்வம்: கண்ணாடி இல்லாமயா?

அண்ணாச்சி: (கடைக்குப் போன் போட்டு) ஏலே, என் கண்ணாடியை செல்வம் கடைக்குக் கொண்டா. அவன் கையில குடுத்துராத, என்கிட்ட குடு.