ஊட்டித் தண்ணிக்கும் ரியாக்டருக்கும் சம்பந்தமில்ல அண்ணே

"மலைத் தண்ணியில கால்சியம் கம்மி, அதனால ஊட்டி, குன்னூர்ல ரீஃப் டேங்க் வெச்சிருக்கவங்க பழைய கால்சியம் ரியாக்டர் கிடைச்சா கண்ண மூடிட்டு வாங்கலாம்"னு மேல ஒரு அண்ணன் எழுதியிருக்கார். தப்புங்க. ரீஃப் டேங்க்னா பவளம் வளர்க்கிற கடல்தண்ணித் தொட்டி. ரியாக்டர்னா சிலிண்டர்லருந்து கார்பன் டை ஆக்சைடு விட்டுச் சுண்ணாம்புக் கல்லைக் கரைச்சு, அந்தத் தொட்டிக்குக் கால்சியம் குடுக்கிற கருவி. நாம ஆர்ஓ தண்ணியில ரீஃப் உப்பு கலக்குறோம். கால்சியம் அந்த உப்புலயே வந்துடும். ஊர்த் தண்ணிக்கு இதுல வேலையே இல்ல. பவளம் எவ்வளவு குடிக்குதுங்கிறதுதான் கணக்கு. ஒரு வாரம் ஆல்கலினிட்டி, அதாவது கால்சியத்தோட சேர்த்துப் பவளம் இழுக்கிற கார்பனேட் அளவை, அளந்து பாருங்க. அது 2.8 டிகேஹெச் (ஆல்கலினிட்டி அலகு) இறங்கினா கால்சியம் சுமார் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) போயிருக்கும். சின்ன டேங்க், நாலு சாஃப்ட் கோரல் (கல்லு கூடு கட்டாத மெத்துப் பவளம்)னா தண்ணி மாத்தினாலே போதும்.

இன்னொண்ணு, குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தி வெக்கிற வீடு நம்மளது. உள்ள கார்பன் டை ஆக்சைடு தேங்கி டேங்க் பிஹெச் ஏற்கெனவே இறங்கியிருக்கும். ரியாக்டர் அதை இன்னும் இறக்கும். சுண்ணாம்புத் தண்ணி சொட்டு விட்டா ஏறும்.

பழசுதான் வேணும்னா, அக்ரிலிக் குழாயை வெளிச்சத்துல பிடிச்சு மயிரிழை விரிசல் பாருங்க. பம்ப்பை ஓடவிட்டுக் கேளுங்க. நான் வாங்கினதுல இம்பெல்லர் (பம்ப்புக்குள்ள சுத்துற விசிறி) தண்டுல சுண்ணாம்பு அரிசி மணி மாதிரி ஒட்டியிருந்துச்சு. வினிகர்ல ரெண்டு நாள் ஊறப்போட்டேன். ஓ-ரிங் (கசியாம இருக்கப் போடுற ரப்பர் வளையம்), பிஹெச் ப்ரோப் (பிஹெச் அளக்கிற குச்சி) ரெண்டும் புதுசு போடணும், அந்தக் காசையும் விலையில கழிச்சுப் பேசுங்க. கூட வர்ற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தோள்ல அடிச்சிருக்கிற டெஸ்ட் தேதி முக்கியம். அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா மறுபடி டெஸ்ட் பண்ணாம நிரப்பக் கூடாது. நான் தூக்கிட்டுக் கோயம்புத்தூர் வரைக்கும் போய்ச் சும்மா திரும்பினவன்.