படகு இறாலை அமெரிக்கா நிறுத்தியது 50% வரியாலா?

"அமெரிக்கா 50% வரி போட்ட பிறகுதான் ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகு இறால் அந்த நாட்டுக்குப் போகவில்லை, வரியைக் கட்டுவதும் நம் மீனவர்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

50% வரி வந்தது 2025 ஆகஸ்ட் 27-இல். கடலில் பிடித்த இந்திய இறாலுக்கோ 2019 முதலே அங்கே தடை. காரணம் கடலாமை. அது வலையில் சிக்கிச் சாகாமலிருக்க, இழுவைமடியின் (படகு இழுத்துச் செல்லும் வலை) கடைசிப் பைக்கு முன்னால் சாய்வான கம்பிச் சட்டம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கம்பிகளின் இடைவெளி சுமார் 10 செ.மீ.க்கு மேல் கூடாது. இறால் உள்ளே புகுந்துவிடும், ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். பாசியோ சொறிமீனோ கம்பியை அடைத்தால் இறாலும் அதே வழியில் நழுவிவிடும். சட்டத்தைப் பொருத்தப் படகுக்காரர்கள் தயங்குவதற்கு அது நியாயமான காரணம்.

இந்த விதியை எதிர்த்து 2019-க்கு வெகு முன்பே இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகியவை உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998 தீர்ப்பு ஆமைப் பாதுகாப்பைக் குறை சொல்லவில்லை. கரீபியன் பகுதி நாடுகளுக்கு 3 ஆண்டு அவகாசம், ஆசியாவுக்கு 4 மாதம் என்ற பாரபட்சத்தைத்தான் தவறென்றது.

50% வரி விழுந்தது பண்ணைக் குளங்களில் வளர்க்கும் வனாமி இறால் மேல். அதைச் சுங்கத்தில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். உதாரணமாக, 50% வரி இருந்தபோது 8 டாலர் சரக்குக்கு 4 டாலர். அதில் 2 டாலரை விலையில் குறைக்கச் சொல்வார். ஏற்றுமதிக் கம்பெனி அதைக் குளத்தில் வளர்ப்பவருக்குக் கொடுக்கும் விலையில் கழிக்கும். விற்காத வனாமி மற்ற சந்தைகளில் குவிந்தால் படகு இறாலின் ஏல விலையும் இறங்கலாம். மீனவருக்கு அடி விழுவது அந்தச் சுற்றுவழியில்தான்.