லக்சரில் ஒரே நாள்தான் இருக்கிறதா? தொழிலாளர் ஊரை விட்டுவிடாதீர்கள்

எகிப்துக்குக் கையைக் கடிக்காத செலவில் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் லக்சருக்கு ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு நாளில் நைலின் மேற்குக் கரையில் ராஜாக்களின் பள்ளத்தாக்கு, ஹட்செப்சுட் கோயில், மெம்னான் சிலைகள் மூன்றையும் வேனில் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் அந்த வேன் ஏதாவது ஒரு அலபாஸ்டர் கல் கடை வாசலில் நிற்கும், கல்லைக் குடைகிற விதத்தைக் காட்டுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், வாங்கச் சொல்லி நச்சரிப்பார்கள், அதற்கு மட்டும் நேரம் இருக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற டெய்ர் எல் மதீனா என்கிற பழங்காலத் தொழிலாளர் ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்ப மட்டும் நேரம் இருக்காது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம்.

மேற்குக் கரைக்குப் போக வேன் தேவையே இல்லை. லக்சர் கோயிலுக்கு எதிரே ஆற்றங்கரையில் ஊர்மக்கள் போகிற படகு இருக்கிறது, சில எகிப்து பவுண்டுதான், பள்ளிப் பிள்ளைகள், காய்கறி மூட்டை எல்லாம் சேர்ந்துதான் போகும். இறங்கினதும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கரும்பு வயல்களுக்கு நடுவே நேர்ச் சாலை. முதலில் வருவது மெம்னான் சிலைகள், அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. மூன்றாம் அமென்ஹோடெப் மன்னனின் உருவம் இரண்டு, அவருடைய கோயில் பெரும்பாலும் அழிந்துவிட்டது, அதன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தவர்கள் இவர்கள். கி.மு. 27இல் வந்த நிலநடுக்கத்தில் வடக்குச் சிலை உடைந்தது. அப்புறம் விடியற்காலையில் அது ஓசை எழுப்புகிறது என்று ரோமானியர்கள் கேட்க வந்தார்கள், கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியனே வந்தார். காலில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா என்பது அந்த ஊருக்கு அவ்வளவு பழைய பழக்கம்.

சரி, ராஜாக்களின் பள்ளத்தாக்கு. வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், கட்டாயம் போங்கள், காலை ஆறு மணிக்குத் திறந்ததுமே போங்கள், ஒன்பதுக்கு மேல் பாறை சுடும், பேருந்துக் கூட்டம் வந்துவிடும். பொதுச் சீட்டில் மூன்று கல்லறை பார்க்கலாம், அது போதும். நான்காம் ராம்சேஸ், ஒன்பதாம் ராம்சேஸ், மூன்றாம் ராம்சேஸ் என்று எடுத்துக்கொண்டால் நிறமும் அளவும் கண்ணை நிறைத்துவிடும். துட்டன்காமுனுக்குத் தனிச் சீட்டு, முதலாம் சேதிக்கு இன்னும் பெரிய தனிச் சீட்டு, அது பொதுச் சீட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சேதியின் கல்லறை பேரழகு என்பதில் சந்தேகமே இல்லை. துட்டன்காமுன் கல்லறையோ சிறியது, 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் எடுத்த பொருட்கள் இருப்பது கெய்ரோ பக்கம், இங்கே மிஞ்சியது ஒரு வண்ண அறையும் கல் சவப்பெட்டியும் மம்மியும். கையில் அளவான காசு உள்ளவர் அந்தத் தனிச் சீட்டுகளை விட்டுவிட்டு, அதில் சின்ன ஒரு பங்கை வைத்து டெய்ர் எல் மதீனா போனால் நாளின் மதிப்பே மாறிவிடும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஏனென்றால் அந்த மூன்று கல்லறையையும் குடைந்தவர்கள், பூசியவர்கள், வரைந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. மலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, இந்தப் பக்கம் ஊர், நடுவில் அவர்கள் நடந்த ஒற்றையடிப் பாதை இப்போதும் தெரிகிறது. ஒரு தெரு, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டி ஒட்டி வீடுகள், முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை நிற்கிற கல்சுவர், வாசற்படி, அடுப்படி, பின்பக்கம் நிலவறை. அரசர்களின் கோயில்கள் எல்லாம் கண்ணை மேலே தூக்க வைக்கும். இங்கே ஒருத்தர் எங்கே தூங்கியிருப்பார், எங்கே ரொட்டி சுட்டிருப்பார் என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். கிணறு கிடையாது. குடிக்கிற தண்ணீர் கீழே இருந்து கழுதையில் வந்தது.

1920களிலிருந்து பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் புருயேர் இங்கே தோண்டினார். ஆயிரக்கணக்கான ஓட்டுச் சில்லுகளும் சுண்ணாம்புக்கல் சில்லுகளும் கிடைத்தன, பலவற்றில் எழுத்து. கடன் கணக்கு, துணி துவைக்கக் கொடுத்த பட்டியல், வழக்கு, காதல் பாட்டு. செப்பு உளிகள் கொடுத்த கணக்கு, விளக்குத் திரி எத்தனை செலவானது என்ற கணக்கு. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டு வருகைப் பதிவேடு ஒன்று இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, யார் எந்த நாள் ஏன் வேலைக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறது: ஒருவருக்குத் தேள் கொட்டிவிட்டது, ஒருவர் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார், ஒருவருக்குக் கண்நோய். மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய எகிப்து என்றால் பிரமிடும் தங்க முகமூடியும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஊருக்குப் பக்கத்துச் சரிவில் அவர்களுடைய சொந்தக் கல்லறைகள். செந்நெஜெம் என்கிற தொழிலாளியின் கல்லறை 1886இல் கொள்ளை போகாமல் அப்படியே கிடைத்தது. செங்குத்தான படி, குனிந்து இறங்க வேண்டும், உள்ளே சின்ன அறை, நாலைந்து பேர் நின்றால் நெருக்கடி. ஆனால் அந்த மஞ்சள்! மறுமையில் அவரும் மனைவி இய்னெஃபெர்த்தியும் வெள்ளை உடுப்பில் ஏர் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், சுற்றிலும் வாய்க்கால், பேரீச்சை மரம். பகலெல்லாம் ராஜாவின் சுவரில் வரைந்த கைகள் ஓய்வு நாளில் தங்களுக்காக வரைந்தது. பத்து நாள் வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு அவர்களுக்கு. பள்ளத்தாக்கில் எந்தச் சுவரைப் பார்த்தும் நான் அப்படி நின்றதில்லை.

கூலி தானியமாக வந்தது, கோதுமையும் பார்லியும், மாதாமாதம். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் அது வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு, காவல் சாவடிகளைத் தாண்டி இறங்கிவந்து, மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மேலதிகாரிகள் வந்து கெஞ்சியும் எழவில்லை. மறுநாள் ராமேசியம் கோயிலுக்கே போனார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசனுக்கு எழுது என்று சொன்னது பாப்பிரஸில் பதிவாகியிருக்கிறது, அது இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்தின மாதத்துப் பாக்கி கைக்கு வந்தது. அது நீடிக்கவில்லை, அதே ஆண்டில் மறுபடி வேலைநிறுத்தம். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாளர்கள் சொல்வது இதைத்தான். இப்படி ஒரு ஊரை எந்த வழிகாட்டியும் சுற்றுப்பயணத்திலிருந்து கழிக்கலாமா?

அங்கிருந்து சைக்கிளில் பக்கம்தான் மெடினெட் ஹாபு, அதே மூன்றாம் ராம்சேஸின் கோயில். வெயில் சாய்கிற நேரம் நல்லது, ஹட்செப்சுட் கோயிலில் பாதிக் கூட்டம்கூட இங்கே இருக்காது, தூண்களின் மேல்பக்கம் நிறம் இன்னும் இருக்கிறது. எல்லோரும் போர்க் காட்சிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் வெளியே வந்து தெற்குச் சுவரோரமாக நடந்து போங்கள். நீளமாக ஒரு திருவிழா நாட்காட்டி செதுக்கியிருக்கிறது. எந்தத் திருவிழாவுக்கு ஆமுன் கடவுளுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை குடம் பீர், எவ்வளவு தானியம் என்று வரிவரியாக. கூலி தானியம் வராமல் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டவர்களின் அரசன் எழுதிவைத்த கணக்கு.

ஒரு விஷயம், டெய்ர் எல் மதீனாவுக்கான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், மெம்னான் சிலைகளைத் தாண்டியதும் சாலையோரம் டிக்கெட் அலுவலகம் இருக்கிறது. கார்டு எடுத்துப்போங்கள், நோட்டை நம்பிப் போகாதீர்கள். கல்லறைக் காவலருக்குக் கொடுக்கச் சில்லறை தனியாக வையுங்கள். வேன்காரர் அங்கே ஒன்றுமே இல்லை என்பார். இறக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள்.