இஸ்மினி எங்கே போனாள்?

இருபது வயதில் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தைப் படித்தபோது நான் முழுக்க ஆன்டிகனி கட்சி. அரசனுக்கு முன்னால் நின்று, ஆமாம், நான்தான் செய்தேன் என்று சொல்கிற பெண். அந்த வயதுக்கு வேறு என்ன வேண்டும்? போன மாதம் மூன்றாவது தடவையாகப் படித்தேன். இந்தத் தடவை மனசு அவளைவிட்டு அவளுடைய சகோதரி இஸ்மினியிடம் போய் ஒட்டிக்கொண்டது. இஸ்மினி அக்காவா தங்கையா என்று இந்த நாடகத்தில் எங்கேயும் இல்லை. கிரேக்கத்தில் அது தெரியாமலே காலம் தள்ளலாம், தமிழில்தான் கஷ்டம். நான் மனசுக்குள் தங்கை என்று வைத்துக்கொண்டேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆன்டிகனியின் அப்பா ஈடிபஸ். அவனுடைய இரண்டு மகன்கள், எட்டியோக்ளிஸும் போலிநைசிஸும், தீப்ஸ் நகரத்தின் ஆட்சிக்காக மோதி ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். புதிதாகப் பதவிக்கு வந்த கிரியோன், ஊரைக் காத்து நின்ற எட்டியோக்ளிஸுக்கு மரியாதையோடு அடக்கம், அந்நியப் படையோடு வந்த போலிநைசிஸின் உடல் நாய்க்கும் கழுகுக்கும் என்று ஆணை போடுகிறான். மீறினால் மரணம். ஆன்டிகனி மீறுகிறாள். கையால் மண் அள்ளித் தூவுகிறாள், அவ்வளவுதான். அதற்காக அவளை உயிரோடு குகையில் வைத்து அடைக்கிறார்கள்.

இந்தக் கிரியோன் யார்? அவளுடைய தாய்மாமன். (கணக்குப் பார்த்தால் அவளுடைய அப்பாவுக்கும் தாய்மாமன். ஈடிபஸ் தெரியாமல் தன் அம்மாவையே கட்டிக்கொண்டவன், அந்த வீட்டு உறவுமுறை அப்படி.) அவன் மகன் ஹேமோனுக்குத்தான் ஆன்டிகனியை நிச்சயம் செய்திருக்கிறார்கள், நம் கணக்கில் முறைப்பையன். ஆங்கிலத்தில் படிக்கும்போது ‘அங்கிள்’, ‘கசின்’ என்று கடந்துபோய்விடுகிறோம். தாய்மாமன் என்று சொல்லிப் பார்த்தால்தான் உறைக்கிறது. அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. போலிநைசிஸை எடுத்து அடக்கம் செய்ய வேண்டிய மூத்த ஆண் சொந்தமே கிரியோன்தான். அவன்தான் உடலுக்குக் காவல் போடுகிறான்.

சரி, அவனை வெறும் வில்லன் என்று தள்ளிவிடலாமா? நாடகம் மேடையேறியது கி.மு. 441 வாக்கில். அன்றைய ஏதென்ஸ்காரர்களுக்கு அவன் அப்படி உடனே தெரிந்திருக்க மாட்டான். துரோகிக்குச் சொந்த மண்ணில் இடம் கிடையாது என்பது அவர்களுடைய சட்டமும்கூட. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் நகரத்தையே காப்பாற்றிய தெமிஸ்டோக்ளிஸ் பிற்காலத்தில் துரோகப் பழியோடு பாரசீகர்களிடம் போய்ச் செத்தார். அவருடைய எலும்புகளைச் சொந்தக்காரர்கள் ஊருக்குத் தெரியாமல் கொண்டுவந்து ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா மண்ணில் புதைத்ததாக அவர்களே சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். அரங்கில் உட்கார்ந்திருந்த சிலருக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும்.

கிரியோனின் முதல் பேச்சும் மோசமான பேச்சு இல்லை. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை நான் ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டேன் என்கிறான். சுமார் நூறு வருஷம் கழித்து, கி.மு. 343இல், ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் ஒரு வழக்கில் இதே வரிகளை நீதிமன்றத்தில் படித்துக் காட்டச் சொன்னார், தேசப்பற்றுக்கு உதாரணமாக! எதிராளி ஐஸ்கினிஸ் முன்னாள் நடிகர். கிரியோன் வேஷம் பல தடவை கட்டியவர். மேடையில் மனப்பாடமாகச் சொன்னாய், வாழ்க்கையில் கோட்டை விட்டாயே என்று குத்திக் காட்டுவதற்காகப் படிக்கச் சொன்னார்.

அந்தப் பேச்சில் இருக்கும் நியாயம் ஹேமோனோடு பேசும்போது கழன்று விழுகிறது. பையன் பணிவாகத்தான் ஆரம்பிக்கிறான். அப்பா, நான் உங்கள் பிள்ளை என்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் கிளையைக் காப்பாற்றிக்கொள்ளும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்கிறான். ஊர் அந்தப் பெண்ணுக்காக அழுகிறது என்றும் சொல்லிப் பார்க்கிறான். எதுவும் ஏறவில்லை. ஊர் ஆள்பவனுக்குச் சொந்தமில்லையா என்று கேட்கிறான் கிரியோன். ஆளில்லாத பாலைவனத்தைத் தனியாக நன்றாக ஆளுவீர்கள் என்று பதில் வருகிறது. ஒரு பெண்ணிடம் தோற்றேன் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்பதையும் கிரியோன் வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறான். நாட்டில் ஆரம்பித்த பேச்சு வீம்பில் வந்து நிற்கிறது.

கிரியோனுடையது வீம்பு, ஆன்டிகனியுடையது வைராக்கியம் என்று சொல்லிப் பார்த்தேன். மாற்றிச் சொன்னாலும் பொருந்துகிறது. முரட்டு அப்பனுக்குப் பிறந்த முரட்டுப் பெண் என்று கோரஸும் சொல்கிறது. (கோரஸ் என்பது மேடையில் சேர்ந்து பாடிப் பேசும் குழு, இங்கே அந்த ஊர்ப் பெரியவர்கள்.)

இனி இஸ்மினி. நாடகத்தின் முதல் வரியே அவளைக் கூப்பிடுவதுதான். கிரேக்கத்தில் சகோதரரைக் குறிக்கும் ‘அடெல்ஃபோஸ்’ என்ற சொல்லுக்கு ஒரே கருப்பையில் பிறந்தவர் என்பது வேர்ப்பொருள். சம்ஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த ‘சகோதர’வுக்குள்ளும் அதே வயிறுதான். முதல் வரியில் அந்தச் சொல்லை இன்னும் அழுத்தி, ஒரே ரத்தமே, என் கூடப்பிறந்தவளே என்பதுபோல ஆன்டிகனி அவளை அழைக்கிறாள். இஸ்மினி பயப்படுகிறாள். நாம் பெண்கள், ஆள்பவர்களோடு மோத முடியாது என்கிறாள். அப்படியும் செய்யத்தான் போகிறாய் என்றால் யாரிடமும் சொல்லாதே, நானும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஆன்டிகனியின் பதில்: ஊரெல்லாம் சொல், சொல்லாமல் இருந்தால்தான் உன்னை இன்னும் அதிகமாக வெறுப்பேன்.

இருபது வயதில் இந்த இடத்தில் கை தட்டினேன். இப்போது அந்தப் பதிலில் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று தேடுகிறேன்.

ஆன்டிகனி பிடிபட்ட பிறகு இஸ்மினி ஓடிவந்து, நானும் சேர்ந்துதான் செய்தேன் என்கிறாள். பொய். சாவதற்காகச் சொல்லும் பொய். நீ தொடாததற்கு உரிமை கொண்டாடாதே என்று ஆன்டிகனி தள்ளிவிடுகிறாள். நீ இல்லாமல் எனக்கு என்ன வாழ்க்கை என்று இஸ்மினி கேட்டால், கிரியோனைக் கேள், அவர்மேல்தானே உனக்கு அக்கறை என்கிறாள். சேர்ந்து வெறுக்க நான் பிறக்கவில்லை, சேர்ந்து நேசிக்கவே பிறந்தேன் என்ற புகழ்பெற்ற வரியைச் சொல்லி முப்பது வரி தாண்டவில்லை, அதற்குள் இது. அவளைக் காப்பாற்றத்தான் இப்படிப் பேசுகிறாள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். உன்னைப் பழித்தாலும் வலியோடுதான் பழிக்கிறேன் என்ற வரியும் அங்கே இருக்கிறது. ஆனால் கூடப்பிறந்தவர்களிடம் இப்படிப் பேசிவிட்டு உள்ளே வலியோடு இருந்தவர்களை எனக்குத் தெரியும். கேட்டவருக்கு வலி எதுவும் அதனால் குறைந்துவிடவில்லை.

குகைக்குப் போகும் முன் ஆன்டிகனி ஒரு கணக்குச் சொல்கிறாள். கணவன் செத்தால் வேறு கணவன் கிடைப்பான், பிள்ளை போனாலும் இன்னொரு பிள்ளை பிறக்கலாம், அப்பா அம்மா போய்விட்ட பிறகு இன்னொரு அண்ணன் தம்பி எங்கிருந்து வருவான்? ஜெர்மன் கவிஞர் கதேவுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. இது இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் தேவலை என்று சொல்லியிருக்கிறார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிலும் ஒரு பாரசீகப் பெண் தாரயவுஷ் மன்னனிடம் இதே கணக்கைச் சொல்லி, கணவனை விட்டுவிட்டுச் சகோதரனின் உயிரைக் கேட்கிறாள். எனக்கு இது இடைச்செருகலாகத் தெரியவில்லை. தெய்வங்களின் எழுதாத சட்டம் என்று அதற்கு முன் அரசனிடம் பேசியதைவிட இதில்தான் ஆன்டிகனியின் குரல் கேட்கிறது.

ஆனால் அதே கணக்கில் தங்கையும் திரும்பக் கிடைக்க மாட்டாளே? ஆன்டிகனி என்ன செய்கிறாள் தெரியுமா? கோரஸைப் பார்த்து, அரச குடும்பத்தில் எஞ்சியிருக்கும் கடைசிப் பெண்ணைப் பாருங்கள் என்கிறாள். கடைசிப் பெண்ணாம். இஸ்மினி உயிரோடு இருக்கிறாள்.

கிரியோனும் இதையேதான் செய்கிறான். குருட்டு தீர்க்கதரிசி டைரீசியஸ் வந்து மிரட்டிவிட்டுப் போன பிறகு பயந்து, என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். முதலில் பெண்ணை விடுதலை செய், அப்புறம் கிடப்பவனுக்குக் கல்லறை கட்டு என்று கோரஸ் பெரியவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். அவன் முதலில் பிணத்திடம் போகிறான். நாய்கள் கடித்த உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டு மெதுவாகக் குகைக்குப் போனால் ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். ஹேமோன் அப்பன் முகத்தில் துப்புகிறான், வாளை ஓங்குகிறான், தவறிவிடுகிறது, தன்மேலேயே பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்ட அம்மா யுரிடிசி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கத்தியால் குத்திக்கொள்கிறாள். இறந்தவனுக்குச் செய்ய வேண்டியதில் இரண்டு கட்சிக்கும் இருந்த அவசரம், உயிரோடு இருந்தவர்கள் விஷயத்தில் ஒருவருக்கும் இல்லை.

கடைசியில் கிரியோன் மகன் உடலோடு வாசலில் நின்று கதறுகிறான். கோரஸ் நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுகிறது. இஸ்மினி பேச்சே இல்லை. அவளைக் காவலோடு அரண்மனைக்குள் கூட்டிப் போகச் சொன்னான் கிரியோன். பிறகு, கை வைக்காதவளைக் கொல்ல மாட்டேன் என்று ஒரு வரியில் விட்டுவிட்டான். வெளியே வந்ததாக எங்கேயும் இல்லை. அத்தை உள்ளே போய்க் குத்திக்கொண்டாளே, அதே வீட்டுக்குள்தான் அவளும் இருந்திருக்கிறாள்.