வெட்டுவதற்கு முன் வசூலியுங்கள்

புதுச்சேரி அரசின் உதவித்தொகைகள் தொடர வேண்டுமானால் வரியை ஏற்றணும், இல்லையென்றால் பயனாளிகளைக் குறைக்கணும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வரியை ஏற்றலாம், சரி. எந்த வரியை? 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு புதுச்சேரி அரசின் கையில் மிஞ்சியது மது, பெட்ரோல், பத்திரப்பதிவு, வண்டி வரி என்று கொஞ்சம்தான். யூனியன் பிரதேசம் என்பதால், மத்திய வரிகளிலிருந்து மாநிலங்களுக்கு நிதிக்குழு பிரித்துக் கொடுக்கும் பங்கும் கிடையாது. அதனால் எல்லாப் பாரமும் மது மீதான கலால் வரி மேல். மது விலை குறைவென்று தமிழகத்தின் கடலூரிலிருந்து எங்கள் எல்லையிலுள்ள முள்ளோடைக்கு வருகிற கூட்டத்தை நம்பியா பட்ஜெட் போடுவது? 2023இல் 1,000 ரூபாயில் தொடங்கிய குடும்பத் தலைவி உதவித்தொகை எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவிலும் பலருக்கு வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வருகிறது. அவர் கணவர் கொத்தனார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேரே போவது சாராயக்கடைக்கு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதானே இது!

வெட்டுவது என்றாலோ, முதலில் அடிபடுவது முதியோர் பென்ஷன். அதில் கைவைக்கவே கூடாது. பாஸ்புக்கை மடியில் முடிந்துகொண்டு வங்கி வாசலில் காலையிலேயே உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைப் பார்த்தவர் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சு வீடுகள் பல இன்று ஹோட்டல்கள். வார இறுதியில் அறை கிடைப்பதில்லை. அவற்றின் சொத்து வரியை இன்றைய வருமானத்துக்கு ஏற்றபடி திருத்துங்கள், பாக்கியை வசூலியுங்கள். அப்புறம் வெட்டைப் பற்றிப் பேசலாம்.