நிற்கும் காரில் அளந்தால் போதுமா?

ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் முன் இறக்கை (காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் பாகம்) எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் சோதனையை 2025-இல் இறுக்கியது வீண் கெடுபிடி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஆடிக் காற்றில் இறக்கை நுனி கோபுரத்தின் பக்கம் வளைவது கீழிருந்தே தெரியும். காற்று ஓய்ந்தால் நிமிர்ந்துவிடும். அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் காரிலும் இதே கதைதான். நிற்கும் காரின் இறக்கையில் 100 கிலோ சுமை வைத்து வளைவை அளந்தார்கள். ஆனால் ஓட்டத்தில், நேர்ப்பாதையில் 300 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கை தாழ்ந்து காற்றுத்தடை குறைந்தது, திருப்பத்தில் வேகம் தணிந்ததும் எழுந்து பிடிமானம் தந்தது. சோதனையில் அனுமதித்த வளைவை 15 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆக்கியது சரி. ஆனால் அதை 2025 சீசனின் ஒன்பதாவது பந்தயமான ஸ்பெயினிலிருந்து அமல்படுத்தினார்களே, அதுதான் உறுத்துகிறது. முதல் பந்தயத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். சீசன் நடுவில் புது இறக்கை செய்யும் செலவு சின்ன அணிகளுக்குத்தானே அதிகம் வலிக்கும்?